அந்த வரியைச் சொல்பவன் யார்?

போன வருஷம் ஆடி மாதம். கண்டிக்குப் பக்கத்தில் குண்டசாலையில் எங்கள் வீடு. ஒரு சனிக்கிழமை காலை, கண்ணாடி முன்னால் நின்று முகம் மழித்துக்கொண்டிருந்த என் கணவர் திடீரென்று கையிலிருந்த ரேசரைத் தவறவிட்டார். குனிந்து எடுக்கப் போனவர் அப்படியே சரிந்து உட்கார்ந்துவிட்டார். நான் ஓடிப்போய்த் தூக்கினேன். வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. ஏதோ சொல்ல முயன்றார், சத்தம்தான் வந்தது, சொல் வரவில்லை.

பக்கவாதம். மூளையின் இடது பக்கத்தில் இரத்தம் அடைத்துக்கொண்டது என்று கண்டி ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். வலது கை, வலது கால் இரண்டும் சோர்ந்துபோயின. அதைவிடப் பெரிய இழப்பு அவருடைய பேச்சு. ஏனென்றால் என் கணவர் பேசியே வாழ்ந்த மனிதர்.

அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். காப்புறுதி அலுவலகம் ஒன்றில் கிளார்க். ஆனால் மனம் முழுக்க நாடகம். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது ஃபாதர் ஒருவர் வருஷாவருஷம் பழைய ஆங்கில நாடகங்களை மேடையேற்றுவாராம். இவர் அதில் ராஜாவாக, சிப்பாயாக, கோமாளியாக, ஒரு தடவை ஆள் கிடைக்காமல் ராணியாகக்கூட நடித்திருக்கிறார். தன் பங்கை மட்டுமல்ல, மற்றவர்கள் பங்கையும் சேர்த்து மனப்பாடம் செய்துவிடுவார். அந்த வரிகள் நாற்பது வருஷமாக அவரோடு இருந்தன. பஸ் பிந்தினால் ஒரு வரி, சோறு குழைந்துவிட்டால் ஒரு வரி, மின்சாரம் போனால் இன்னொரு வரி. குரலை இறக்கி, கையை நீட்டி, மேடையில் நிற்பதுபோலவே சொல்வார்.

என் ஆங்கிலம் அலுவலக ஆங்கிலம். கல்வி அலுவலகத்தில் வேலை. 'தங்கள் கடிதம் தொடர்பாக' என்று தொடங்கி 'இப்படிக்கு உண்மையுள்ள' என்று முடிக்கத் தெரியும், அவ்வளவுதான். அந்தக் காலத்து ஆங்கிலம் எனக்குக் கல்லும் முள்ளுமாகக் கேட்கும். "அப்படின்னா என்னங்க?" என்று கேட்டால், "அத மொழிபெயர்த்தா செத்துப்போயிரும்" என்று சிரிப்பார். நானும் சிரித்துவிட்டு வேலையைப் பார்ப்பேன். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. வீட்டில் அவர் குரலும் ரேடியோவும்தான் சத்தம்.

அந்தக் குரல் நின்றுபோன பிறகு வார்டில் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது எப்படி இருந்தது என்று எழுதத் தெரியவில்லை. அவருக்கு எல்லாம் புரிந்தது. நான் சொல்வதைக் கேட்டு அழுதார், கோபப்பட்டார். ஆனால் தண்ணீர் என்ற சொல் அவருக்கு வரவில்லை. என் பெயர் வரவில்லை. தலையாட்டுவதுகூட மாறிப்போயிருந்தது. வேண்டும் என்பதற்கு இல்லை என்று ஆட்டுவார், பிறகு தன்மீதே எரிச்சல்பட்டுக் கண்ணை மூடிக்கொள்வார். எங்கே வலிக்கிறது, கையால் காட்டுங்கள் என்றால் இடது கை காற்றில் அலைந்து எங்கேயோ போய் நிற்கும்.

இப்படி இருக்கும்போது ஒரு காலை, தாதி வந்து படுக்கை விரிப்பை மாற்றிக்கொண்டிருந்தார். என் கணவர் அவரையே பார்த்தார். பிறகு தொண்டையைச் செருமி, நீளமான ஓர் ஆங்கில வசனத்தை, ஒரு சொல்கூடத் தடுக்காமல், முழங்குவதுபோலச் சொன்னார். தாதி விரிப்பைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டார். பக்கத்துக் கட்டிலில் இருந்த முதியவர் எழுந்து உட்கார்ந்து என்னைப் பார்த்தார். பேச்சு வந்துவிட்டது என்று நினைத்து, "என்னங்க, என்னங்க" என்று அவர் தோளைப் பிடித்துக் குலுக்கினேன். அவர் என் பக்கம் திரும்பினார். வாய் திறந்தது. மறுபடியும் அந்த வெறும் சத்தம்தான்.

பேச்சுப் பயிற்சி கொடுக்கும் மிஸ்ஸிடம் ஓடினேன். அவர் சிங்களப் பெண், என்னோடு பொறுமையாக, பாதித் தமிழும் பாதிச் சிங்களமுமாகப் பேசுவார். இது நடக்கக்கூடியதுதான் என்றார். நாம் யோசித்துப் பேசும் பேச்சு ஒரு வழியில் வருகிறதாம். பாட்டு, ஜெபம், சின்ன வயதில் மனப்பாடம் செய்தவை வேறு வழியில் வருகின்றனவாம். முதல் வழி அடைபட்டாலும் இரண்டாவது வழி திறந்திருக்கலாம். கேட்கச் சந்தோஷமாகத்தான் இருக்கும், ஆனால் அவர் அர்த்தத்தோடு சொல்கிறார் என்று நினைத்துவிடாதீர்கள், ரெக்கோர்ட் ஓடுவதுபோல அது தானாக ஓடுவது என்று மெதுவாகச் சொன்னார்.

நான் தலையாட்டினேன். ஆனால் மனம் ஒப்பவில்லை. ரெக்கோர்ட் என்றால் ஏன் தாதியைப் பார்த்துச் சொன்னார்? ஏன் சொல்வதற்கு முன் செருமினார்?

வீட்டுக்குக் கூட்டி வந்த பிறகு வரிகள் அடிக்கடி வரத் தொடங்கின. நான் லீவு போட்டு வீட்டிலேயே இருந்தேன். அவர் வரி சொன்னால் போனில் பதிந்துகொள்வேன். அவர் குரலில் எனக்கு மிச்சம் இருந்தது அது மட்டும்தான்.

ஒரு நாள் மருந்து எடுக்கக் கண்டிக்குப் போகும் பஸ்ஸில் எங்கள் வீதி முனையில் வாடகைக்கு இருக்கும் டீச்சர் பக்கத்தில் உட்கார்ந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். என் வயதுதான் இருக்கும். கண்டியில் ஒரு பெண்கள் பாடசாலையில் உயர்தர வகுப்புக்கு ஆங்கில இலக்கியம் படிப்பிக்கிறார். அதுவரை எங்களுக்குள் ஒரு சிரிப்பு மட்டும்தான் பழக்கம். கணவர் எப்படி இருக்கிறார் என்று அவர் கேட்க, நான் போனை எடுத்து, ஆஸ்பத்திரியில் முதலில் சொன்ன வரியைப் பிறகு வீட்டில் மறுபடியும் சொன்னபோது பதிந்ததைப் போட்டுக் காட்டினேன்.

அவர் முகம் மாறிவிட்டது. "ஒருக்காத் திருப்பிப் போடுங்கோ" என்றார். ஹெட்செட்டைக் காதில் வைத்துக் கண்ணை மூடிக் கேட்டார். "வடிவாச் சொல்லுறார். இதை ஆர் அவருக்குப் படிப்பிச்சது?"

"என்ன டீச்சர் அது? ஏதோ நல்ல புத்தி மாதிரி இருக்கு, இல்லையா? இந்த வரிய நான் எங்கேயோ கேட்டிருக்கேன்."

"கேட்டிருப்பீங்கள். கலண்டரில போடுவினம். பரிசளிப்பு விழாவில அதிபர்மார் சொல்லுவினம். மனுசன் தனக்குத்தானே நேர்மையா இருக்கிறதப் பற்றினது. ஆனா நாடகத்தில இதைச் சொல்லுறது ஆரெண்டு தெரியுமோ? ஒரு அலட்டல் மனுசன். மகனுக்கு வண்டி வண்டியாப் புத்தி சொல்லி அனுப்பிப்போட்டு, பிறகு அவன் என்ன செய்யிறான் எண்டு வேவு பாக்க ஆள் விடுற தகப்பன்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அப்ப அது நல்ல புத்தி இல்லையா?"

"புத்தி நல்லதுதான். ஆனா ஆர் சொல்லுறார், ஆருக்குச் சொல்லுறார், எந்த நேரத்தில சொல்லுறார் எண்டும் பாக்கோணும். வரிய மட்டும் வெட்டி எடுத்தா அரைவாசிதான் கையில வரும்."

பஸ் தென்னகும்புரப் பாலத்தைத் தாண்டி வளைந்து வளைந்து போய்க்கொண்டிருந்தது. நான் மனசுக்குள் வார்டுக்குத் திரும்பிப் போனேன். அன்று காலை அந்தத் தாதி என் கணவரிடம் என்ன பேசிக்கொண்டிருந்தார் என்று யோசித்தேன். ஞாபகம் வந்தது. உப்புச் சாப்பிடக் கூடாது, எண்ணெய் கூடாது, கோபப்படக் கூடாது, வேளைக்கு மருந்து போட வேண்டும் என்று ஓயாமல் புத்தி சொல்லிக்கொண்டிருந்தார்.

அன்றிலிருந்து எனக்கு ஒரு பைத்தியம் பிடித்துக்கொண்டது. அவர் எந்த வரி சொன்னாலும் பதிந்து டீச்சருக்கு அனுப்புவேன். அவர் பாடசாலை முடிந்து வந்து பின்னேரம் பதில் குரல் அனுப்புவார். எந்த நாடகம், யார் சொல்வது, அந்த நேரம் மேடையில் என்ன நடக்கிறது என்று கதையாகச் சொல்வார். நான் சமையலறையில் தேங்காய் துருவிக்கொண்டே கேட்பேன்.

சில பதில்களைக் கேட்டு எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கைகால் பயிற்சி கொடுக்க வருகிறவர் அவருடைய கையை இழுத்துப் பிடிக்கும்போதெல்லாம் என் கணவர் ஒரு வரியை உரக்கக் கத்துவார். பயிற்சிக்காரர் அதை உற்சாகம் என்று எடுத்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் இழுப்பார். டீச்சர் கேட்டுவிட்டு, வீட்டை விட்டுத் துரத்தப்பட்ட ஒரு கிழ ராஜா, கொட்டும் மழையில் நின்று புயலைப் பார்த்துச் சவால் விடுகிற இடம் அது என்றார். சாப்பாடு வைக்கும்போது சொல்லும் வரி, ஓர் அரசன் விருந்தாளிகளை உட்காரச் சொல்லி உபசரிக்கிற இடமாம். "ஆனா கொஞ்ச நேரத்தில அந்த விருந்தில பேய் வந்து எல்லாத்தையும் குழப்பிப்போடும்" என்றும் சேர்த்துச் சொன்னார். அன்றைக்கு என் மரவள்ளிக் கிழங்கு வேகாமல் இருந்தது உண்மைதான்.

ஆனால் எல்லாம் இப்படிப் பொருந்தவில்லை. மோட்டார் சைக்கிளில் ஹோர்ன் அடித்துக்கொண்டு மீன்காரர் வந்தபோது, என் கணவர் ஜன்னல் வழியாக அவரைப் பார்த்து உருக்கமாக ஒரு வரி சொன்னார். அது காதலியின் மாடத்தைப் பார்த்து ஒரு வாலிபன் சொல்வதாம். டீச்சரும் நானும் அதில் ஏதாவது அர்த்தம் கண்டுபிடிக்க எவ்வளவோ முயன்றோம். கிரிக்கெட் செய்தி கேட்கும்போது கப்பல் உடைந்து கடலில் தத்தளிக்கிறவனின் வரி வந்தது. அதை வேண்டுமானால் பொருத்தம் என்று சொல்லலாம். சும்மா கூரையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதும் ஏதோ ஒன்று வரும்.

ஒரு நாள் சோதித்துப் பார்த்தேன். வேண்டுமென்றே சீனி போடாமல் பிளேன்டித் தேநீரைக் கொடுத்துவிட்டு போனைத் தயாராக வைத்துக்கொண்டு முன்னால் உட்கார்ந்தேன். என்ன வரி வருகிறது பார்ப்போம் என்று. அவர் ஒரு வாய் குடித்தார். என்னைப் பார்த்தார். கோப்பையை நீட்டி, சீனிப் போத்தல் இருந்த பக்கம் புருவத்தை உயர்த்தினார். வரியும் இல்லை, ஒன்றும் இல்லை. பேச்சுப் பயிற்சி மிஸ் சொன்னதுதான் சரியோ என்று அன்றைக்கு நினைத்தேன். மனிதனுக்கு ஆசை இருந்தால் மேகத்தில்கூட முகம் தெரியும்.

ஐப்பசி பிறந்தது. மழை விடாமல் பெய்தது. கண்டிக் குளிர் எலும்பைத் தொடும் நாட்கள் அவை. அவருக்குக் குளிர் தாங்காது என்று இரண்டு காலுக்கும் கம்பளிக் காலுறை போட்டு, தடித்த சாரம் உடுத்தி, கதிரையில் உட்கார வைத்திருந்தேன். வலது காலில் எப்போதும் கொஞ்சம் வீக்கம் இருக்கும். அசைவு குறைந்த கால் அப்படித்தான் இருக்கும் என்று பயிற்சிக்காரர் முன்பே சொல்லியிருந்ததால் அதை நான் பெரிதாகக் கவனிப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் மத்தியானம் அந்தக் காலுக்கு எண்ணெய் சூடாக்கி நன்றாக உருவித் தேய்த்துவிடுவேன். தேய்த்தால் அன்றைக்கு நல்ல தூக்கம் வரும் அவருக்கு.

அந்த ஞாயிறு நான் சர்ச்சில் காலைப் பூசை பார்த்துவிட்டு வந்தபோது பக்கத்து வீட்டு ராத்தாவும் அவருடைய கணவரும் தேங்காய்ப்பாலில் செய்த வட்டலப்பத்தோடு வந்திருந்தார்கள். திகனயில் துணிக்கடை வைத்திருப்பவர்கள். நான் வெளியே போனால் அவரைப் பார்த்துக்கொள்வது ராத்தாதான். முஸ்லிம் குடும்பம், அக்காவுக்கு ராத்தா, அண்ணனுக்கு நானா என்பது அவர்கள் வழக்கம்; அவர் கணவரை நாங்களும் நானா என்றே கூப்பிடுவோம். நானாவுக்கு என் கணவரின் நாடகம் என்றால் உயிர், ஒரு சொல் புரியாவிட்டாலும்.

நான் உள்ளே நுழையும்போது சிரிப்புச் சத்தம். என் கணவர் கதிரையில் ஒரு பக்கம் சாய்ந்து, இடது கையை விலாவில் வைத்துக்கொண்டு, புதிதாக ஒரு வரி சொல்லிக்கொண்டிருந்தார். நான் அதுவரை கேட்டிராதது. சிறிய வரி. சொல்லும்போது வாயின் நல்ல பக்கம் சிரித்தது. கண்ணைக்கூட லேசாகச் சிமிட்டினார்.

"பாருங்க தங்கச்சி, காலையிலருந்து இதத்தான் செல்றார்" என்றார் ராத்தா. "இண்டைக்கு நல்ல சந்தோசமா ஈக்கிறார்."

"இன்னொருக்கா, இன்னொருக்கா" என்று நானா கை தட்டினார். அவர் மறுபடியும் சொன்னார். அதே சாய்வு, அதே கை, அதே சிரிப்பு. நாங்கள் எல்லோரும் சிரித்தோம். நான் போனை எடுத்துப் பதிந்தேன். அவர் சந்தோஷமாக இருந்து எவ்வளவு நாளாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் சொன்னார், இந்தத் தடவை யாரும் கேட்காமலே. அப்போதும் நானா சிரித்தார். என் கணவரும் சிரித்தார். ஆனால் நெற்றியில் வேர்வை இருந்ததுபோல எனக்குத் தோன்றியது. அவ்வளவு குளிரில்.

அவர்கள் போன பிறகு எண்ணெய்ப் போத்தலைச் சுடுதண்ணீரில் வைத்தேன். சூடாகட்டும் என்று நின்றுகொண்டிருந்த நேரத்தில் அந்தப் பதிவை டீச்சருக்கு அனுப்பினேன். 'இன்றைக்குப் புதுப் பகிடி ஒன்று' என்று எழுதியும் விட்டேன். எப்போதும் பின்னேரம்தான் அவரிடமிருந்து பதில் வரும். அன்றைக்கு உடனே போன் அடித்தது.

"இப்ப அவர் எப்பிடி இருக்கிறார்?" எடுத்தவுடன் அதைத்தான் கேட்டார்.

"நல்லா இருக்காரு டீச்சர். காலையில இருந்து எல்லாரையும் சிரிக்க வைக்கிறாரு."

"சொல்லேக்க கையை எங்க வச்சிருந்தவர்?"

"விலாவுல. ஏன் டீச்சர்?"

"கேளுங்கோ. இது ஒரு வாள் சண்டை. இதைச் சொல்லுறவன் ஒரு பகிடிக்காரன், எந்த நேரமும் எல்லாரையும் சிரிக்க வைக்கிற ஆள். சண்டையில குத்துப்பட்டுட்டான். ஆனா அதையும் பகிடியாத்தான் சொல்லுறான், சின்னக் காயம் மாதிரி. சிநேகிதர் நம்பேல்லை. வழக்கம்போல விளையாடுறான் எண்டு நினைக்கினம். அவன் செத்துப்போறான்."

போனைக் காதில் வைத்தபடி முன்னறைப் பக்கம் எட்டிப் பார்த்தேன்.

"மீன்காரர் வந்த நேரம் சொன்ன மாதிரி இதுவும் சும்மா வந்த வரியா இருக்கலாம்" என்றார் டீச்சர். "எண்டாலும் போய் ஒருக்கா ஆளைப் பாருங்கோ. நான் போனை வைக்கேல்லை."

முன்னறைக்குப் போனேன். அவர் கதிரையில் அதே சாய்வில் இருந்தார். சட்டையைக் கழற்றினேன். விலாவில் ஒன்றும் இல்லை. முதுகைப் பார்த்தேன், படுக்கைப் புண் ஏதும் இல்லை. வயிற்றை அழுத்திப் பார்த்தேன், முகம் சுளிக்கவில்லை. நெஞ்சில் கை வைத்து, "இங்க வலிக்குதா?" என்று கேட்டேன். தலை ஆமென்றும் இல்லையென்றும் ஆடியது. ஒன்றுமில்லை டீச்சர் என்று சொல்லப் போனேன். அப்போது அவர் அந்த வரியை மறுபடியும் சொன்னார். இந்தத் தடவை முழக்கம் இல்லை, சிரிப்பு இல்லை. தாழ்ந்த குரலில், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி. சொல்லும்போது அவர் கண் என் முகத்தில் இல்லை. கீழே, தரையைப் பார்த்தது.

நான் குனிந்து சாரத்தை விலக்கி, வலது காலுறையை இழுத்தேன். இறங்க மறுத்தது. பலமாக இழுத்துக் கழற்றினேன். கெண்டைக்கால் மற்றக் காலைவிட ஒன்றரை மடங்கு தடித்து, தோல் பளபளவென்று சிவந்து இருந்தது. தொட்டால் கொதித்தது.

டீச்சரிடம் சொன்னேன். "எண்ணெய் ஒண்டும் போடாதேங்கோ, தேய்க்காதேங்கோ. உடன ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கோ" என்றார். அவருடைய அம்மாவுக்கு ஒரு தடவை இப்படி வந்ததாம்.

நானா எங்கள் சத்தம் கேட்டு ஓடி வந்து, வாசலில் நின்ற தன் வேனையே எடுத்தார். ராத்தா பின்னால் உட்கார்ந்து என் கணவரின் தலையைப் பிடித்துக்கொண்டார். மழையில் வீதியெல்லாம் வாகனம். ஞாயிற்றுக்கிழமை என்று கண்டி வாவியைப் பார்க்க வந்த கூட்டம் வேறு. சந்தியில் வண்டி நின்றபோது நானா கண்ணாடியில் என் கணவரைப் பார்த்து, "நாங்க கை தட்டினோமே" என்றார்.

காலின் ஆழத்து இரத்தநாளத்தில் இரத்தம் கட்டியிருந்தது. அன்றே ஊசி போட்டார்கள், மறுநாள் ஸ்கேன் எடுத்து உறுதிப்படுத்தினார்கள். அந்தக் கட்டி உடைந்து மேலே போய் நுரையீரலில் அடைத்தால் ஆள் பிழைப்பது கஷ்டம் என்று டொக்டர் விளக்கினார். பிறகு சாதாரணமாக, "காலைத் தேய்த்தீர்களா, உருவினீர்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "நல்ல வேளை" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். எனக்கு வீட்டில் சுடுதண்ணீருக்குள் வைத்துவிட்டு வந்த போத்தல் கண்ணுக்குள் நின்றது.

அவர் பிழைத்தார். ஒரு வாரத்துக்கு மேல் வார்டில் இருந்துவிட்டு வீட்டுக்கு வந்தார். இப்போது ஊன்றுகோலோடு வாசல்வரை நடக்கிறார். கொஞ்சம் கொஞ்சமாகச் சொந்தச் சொற்களும் வருகின்றன. சோறு, மழை, போதும், வா. என் பெயர் வந்த அன்று ராத்தா வீட்டிலிருந்து மறுபடியும் வட்டலப்பம் வந்தது.

ஆனால் என் கேள்வி மட்டும் அப்படியே இருக்கிறது. அவர் தெரிந்துதான் அந்த வரியைச் சொன்னாரா? பேச்சுப் பயிற்சி மிஸ்ஸிடம் நடந்ததைச் சொன்னேன். இருக்கலாம், வலி வந்தபோது வலியோடு ஒட்டியிருந்த வரி மேலே வந்திருக்கலாம், ஆனால் தற்செயல் இல்லை என்று என்னால் சொல்ல முடியாது என்றார். வார்டு டொக்டரிடம் சொன்னபோது அவர் மரியாதையாகச் சிரித்தார். டீச்சருக்குச் சந்தேகமே இல்லை. "அவர் அந்த ஆளா நடிச்சவர். எங்க குத்துப்பட்டது எண்டு அந்த ஆளுக்குத்தான் தெரியும்" என்கிறார். ஆனால் டீச்சர் நாடகத்தை நேசிக்கிறவர், அவர் அப்படித்தான் சொல்வார்.

கடைசியில் அவரிடமே கேட்டேன். போன மாதம் ஒரு பின்னேரம் வாசலில் இருவரும் உட்கார்ந்திருந்தோம். மழை விட்டு வெயில் வந்திருந்தது. பதிவைப் போட்டுக் காட்டினேன். தன் குரலையும், பின்னால் எங்கள் எல்லோருடைய சிரிப்பையும், நானாவின் கைதட்டலையும் அவர் கேட்டார்.

"அன்னைக்கு கால் வலிச்சதுன்னு தெரிஞ்சுதான் இதச் சொன்னீங்களா?"

சொற்களைத் தேடும்போது அவர் முகம் பாரம் தூக்குகிறவர் முகம்போல ஆகும், அப்போதும் ஆனது. பிறகு ஒவ்வொரு எழுத்தாக, மேடைக் குரல் இல்லாமல், மங்கலான தன் சொந்தக் குரலில் சொன்னார்.

"தெரி... யல."

அவ்வளவுதான். அவருக்கே தெரியாததை நான் எங்கே போய்த் தெரிந்துகொள்வது? அதற்குப் பிறகு கேட்கவில்லை. ஆனால் டீச்சரிடம் கேட்பதை நிறுத்தவும் இல்லை. ஞாயிறு பின்னேரங்களில் அவர் அந்தப் பழைய நாடகங்களைப் பக்கம் பக்கமாக வாசித்துத் தமிழில் சொல்ல, நானும் என் கணவரும் நானாவின் வேனில் போய் டீச்சர் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து கேட்கிறோம். கலண்டரில் வரும் பெரிய வரிகள் வரும்போது நான் டீச்சரை நிறுத்தி, இதைச் சொல்கிறவன் யார், அவனுக்கு இப்போது என்ன நடந்துகொண்டிருக்கிறது என்று கேட்டுவிடுகிறேன். அந்தக் கேள்வி நாடகத்தோடு நிற்கவில்லை. அலுவலகத்தில், பஸ்ஸில், கல்யாண வீட்டில், எல்லோரையும் சிரிக்க வைக்கிற ஒருவரைப் பார்த்தால், நானும் மற்றவர்களோடு சேர்ந்து நன்றாகச் சிரிக்கிறேன்; சிரித்து முடிந்ததும், அவர் எங்கே பார்க்கிறார் என்பதையும் பார்த்துக்கொள்கிறேன்.